சாய்ந்த ஊரின் அட்மின்

நம்புகிறவர்கள் முன்னால் உட்காருங்கள், நம்பாதவர்கள் பின்னால் நின்றுகொண்டே கேளுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே கதைதான்: சுருளப்பேட்டை என்கிற ஊர் ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில், பள்ளிக்கூட மணி அடித்து ஓய்வதற்குள், இரண்டு விரற்கடை தெற்கே சாய்ந்தது. மளிகைக் கடையில் தேங்காய்கள் உருண்டன, சலூனில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் நாற்காலியோடு நகர்ந்து அடுத்த கண்ணாடிக்குப் போனார், கோயில் குளத்துத் தண்ணீர் ஒரு படி ஏறி நின்றது. ஆனால் ஓர் ஓடு விழவில்லை, ஒரு குழந்தை அழவில்லை. ஊர் சாய்ந்ததற்கு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவும் இல்லை, ஏனென்றால் அந்த நிமிடம் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது, அதில் இதைவிடப் பெரிய அநியாயம் நடந்துகொண்டிருந்தது.

அநியாயம் நடந்த இடத்துக்குப் பெயர் ‘சுருளப்பேட்டை மேடை’. எந்தத் தெருவில் குடிதண்ணீர் வந்தது, எதில் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளச் செல்போனில் தொடங்கிய மேடை அது. பிறகு காணாமல் போன ஆடு, அவசரத்துக்கு ரத்தம், காதுகுத்துப் பத்திரிகை, யார் வீட்டுச் சாக்கடை யார் வாசலில் என்று வளர்ந்து, இரண்டாயிரம் பேர் ஏறி நின்று கத்துகிற இடமாகிவிட்டது. ஊரில் இருந்தது இரண்டே கட்சி, வடக்கு பஜார், தெற்கு பஜார். வடக்கு வெள்ளை என்றால் தெற்கு சுண்ணாம்பு என்று திருத்தும். அன்றைக்கு அட்மினாக இருந்த வக்கீல், வடக்கு பஜார் பால்காரம்மா எழுதிய ஒரு நியாயமான புகாரை, அது தெற்கிலிருந்த தன் கட்சிக்காரரைப் பற்றியது என்பதற்காக நீக்கினார். நீக்கிய விரலை எடுப்பதற்குள் ஊர் தெற்கே சாய்ந்துவிட்டது.

அடுத்து வந்த தமிழய்யா நல்லவர்தான், ஆனால் அவருக்குப் பெண் கொடுத்த இடம் வடக்கு பஜார். மாமனார் எழுதிய வசவை இருக்க விட்டு, தெற்கிலிருந்து வந்த பதில் வசவை மட்டும் நீக்கினார், ஊர் வடக்கே புரண்டு படுத்தது. அட்மின் சாய்கிற பக்கம் ஊரும் சாய்கிறது என்று மூன்றாம் தடவையில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஏன் சாய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பல் வலித்தால் எந்தப் பல் என்றுதான் பார்ப்போமே தவிர பல் எதற்கு முளைத்தது என்றா விசாரிப்போம்? அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு ஜன்னலில் விளிம்பு தட்ட நிரப்பிய ஒரு டம்ளர் தண்ணீர் ஏறியது, மேடையில் அட்மின் ஒரு பதிவை நீக்கினால் ஊரே ஜன்னலுக்கு ஓடி, தண்ணீர் சிந்துகிறதா என்று குனிந்து பார்த்தது.

அப்போதுதான் கொத்தனார் சந்தனமாரியைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு வயது, பதினாறு வயதில் சித்தாளாகக் கலவைச்சட்டி தூக்கப் போனவள், பொம்பளை கையில் பூச்சுக் கரணை எதற்கு என்று சிரித்தவர்களின் வீட்டுக்கே பிற்பாடு மாடி எடுத்துக் கொடுத்தவள், அவள் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டு விட்டு ஒரு நூல் பிசகு கண்டவர் கிடையாது. வடக்கிலும் அவளுக்குச் சொந்தமில்லை, தெற்கிலும் இல்லை. “நாலு சொவரையும் நேரா நிறுத்துறவ, இந்த ரெண்டாயிரம் வாயையும் நிறுத்து பாப்போம்” என்று செல்போனைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சந்தனமாரி அதற்கும் ஒரு தொழில்முறை வைத்துக்கொண்டாள். எந்தப் பதிவைப் பற்றிப் புகார் வந்தாலும், முதலில் பெருவிரலால் எழுதியவரின் பெயரை மறைத்துக்கொள்வாள், பிறகுதான் எழுதியதைப் படிப்பாள். “பேரப் பாத்தா மொகம் ஞாபகம் வரும், மொகம் ஞாபகம் வந்தா பாவம் பாக்கத் தோணும், இல்லாட்டிப் பழி வாங்கத் தோணும். எதுக்கு வம்பு?” என்பாள். வசவு எழுதினால் மூன்று நாள் பூட்டு. அடுத்தவர் கணக்கில் புகுந்து எழுதினால் பதிவு நீங்கும். மற்றபடி, கேட்கக் கசப்பாக இருக்கிறது என்பதற்காக எதுவும் நீங்காது. எட்டு மாதம், ஒரு டம்ளரில் ஒரு சொட்டு வடக்கே சிந்தவில்லை, தெற்கே சிந்தவில்லை.

ஒருநாள் அவள் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தபோது டைல்ஸ்கடை ஜெயவீரன் கீழே வந்து நின்றார். ஊரில் பாதித் தரை அவர் கடைத் தரை, கவுன்சிலரும் அவர்தான். அவர் கட்டியிருக்கும் புதுக் கடைத்தொகுதியின் கழிவு வாய்க்காலைக் கிழக்கே ஓடைக்குள் திருப்பிவிட்டார் என்று யாரோ படத்தோடு எழுதியிருந்தார்கள்.

“அதத் தூக்கிரு மாரி.”

“வசவு இல்லியேண்ணே. படம் வேற நெசமா இருக்கு.”

“எழுதுனவன் யாருன்னு பாத்தியா? போன எலெக்‌ஷன்ல எனக்கு எதுத்து வேல பாத்த பய.”

“பாக்கலண்ணே. பெருவிரல் மறைச்சிருந்துச்சு.”

“ஒனக்கு எத்தன வருசமா வேல குடுக்கேன், நெனச்சுப் பாத்தியா?”

“நீங்க குடுத்த வேலையில சொவரு நேரா நிக்குதுல்ல? அதே கைதாண்ணே இதுவும்” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி பூசத் தொடங்கினாள். டம்ளர்கள் அசையவில்லை, ஜெயவீரன் முகம்தான் சாய்ந்தது.

இப்படி இருக்கையில், வடக்கும் தெற்கும் அசையாமல் நிற்க, ஊர் வேறொரு பக்கமாக மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. கிழக்கே. தினமும் ஒரு நகக்கண் அளவுதான்; டம்ளரில் பார்த்தால் தெரியாது, மாதம் போனால் தெரியும். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை! ஆசாரி சைக்கிளில் ரம்பத்தோடு தெருத்தெருவாக வந்து கட்டில்களின் மேற்குக் காலை வெட்டிக் கொடுத்தார். மேசைக்கு வெட்டினார், பள்ளிக்கூட பெஞ்சுக்கு வெட்டினார், கல்யாண மணவறைக்கும் வெட்டினார். தோசை ஒரு பக்கம் கனத்து ஒரு பக்கம் கண்ணாடியாக வந்தது, கனத்த பக்கம் மாமியாருக்கு என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. மேற்கிலிருந்து வருகிறவர்கள் சைக்கிளை மிதிக்காமல் வந்தார்கள், திரும்பிப் போகும்போது வைதுகொண்டே தள்ளினார்கள். ஜெயவீரன் கடையில் சாய்மானத்துக்கு ஏற்ற டைல்ஸ் என்று ஒன்று வந்து, வாங்க வரிசை நின்றது. ஆறே மாதத்தில் ஊர் என்றால் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும் என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சந்தனமாரி மட்டும் கட்டில் காலை வெட்ட விடவில்லை. ஆசாரி இரண்டு தடவை வந்தார். “கட்டில் சரியாத்தான் இருக்கு ஆசாரியாரே, ஊருதான் கோணலு” என்று திருப்பி அனுப்பினாள். தூக்கத்தில் உருண்டு விழாமல் இருக்க ஒரு பழஞ்சேலையால் இடுப்பைக் கட்டிலோடு கட்டிக்கொண்டு படுத்தாள், முதுகு வலித்தது, ஊர் சிரித்தது. சிரிப்பு அவளை உறுத்தவில்லை. எங்கே தப்பு விட்டோம் என்று தெரியாததுதான் உறுத்தியது. தான் தொட்ட ஒன்று கோணலாகப் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஐப்பசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் இப்படியே சாய்ந்து நின்றால் பெய்கிற மழை அத்தனையும், சாக்கடை அத்தனையும், கிழக்கே ஓடைக்கரையில் போய்த்தான் விழும்.

ஓடைக்கரையில் அறுபது வீடுகள். செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்து, சூளை போன பிறகும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். ஊரின் சுவர்களுக்கெல்லாம் மண் சுமந்தவர்கள் அவர்கள்; ஆனால் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் வீட்டுவரி ரசீது இல்லை. சந்தனமாரியின் சித்தாள் வீரசின்னு அங்கேதான் இருந்தாள். பதினோரு வருடமாகக் கூடவே இருப்பவள். மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற நீள பிளாஸ்டிக் குழாயின் ஒரு நுனியைச் சந்தனமாரி பிடித்தால் மறு நுனியைப் பிடிப்பவள் வீரசின்னு. இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், அங்கே கோடு போட்டு வேலையைத் தொடங்குவார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் காலை, டீக்கடை அழகுராசா கணக்கிலிருந்து ஒரு பதிவு வந்தது. ஒரு வீட்டுக்குள் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர், அதில் ஓர் அடுப்பு மிதக்கிறது. ‘இன்னும் மழையே பெய்யலை. பெஞ்சா நாங்க எங்க போக?’ என்று கீழே எழுதியிருந்தது. எழுதியது அழகுராசா இல்லை, அவர் செல்போனை யாரோ வாங்கி எழுதியிருக்கிறார்கள் என்று உடனே பத்துப் புகார் வந்தது. அழகுராசாவும் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். அடுத்தவர் கணக்கில் எழுதினால் நீங்கும். போன மாதம் ஜெயவீரன் மகன் அப்படி எழுதியதை அவள் நீக்கியிருந்தாள். பெருவிரலை வைத்து, படித்து, மனசு வலித்தாலும் விதி விதிதான் என்று நீக்கினாள்.

ஊர் ஒரு சாண் கிழக்கே இறங்கியது.

அதுவரை அப்படி இறங்கியதே இல்லை. டம்ளர்கள் சிந்தவில்லை, உருண்டே விழுந்தன. பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ் டிரைவர் இல்லாமலே கிளம்பி ஆலமரம் வரைக்கும் போய் நின்றது. ‘என்ன அட்மினம்மா, நீங்களுமா?’ என்று மேடை முழுக்க எழுதினார்கள். சந்தனமாரிக்கு முகம் எரிந்தது. விதிப்படிதான் செய்தேன், யாருக்கும் சாயவில்லை, பேரைக்கூடப் பார்க்கவில்லை, பிறகு எப்படி என்று தன்னையே கேட்டுக்கொண்டு, இருக்கிற குழாயையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து நீளமாக்கித் தண்ணீர் நிரப்பி, வீரசின்னுவைக் கூப்பிட்டு, ஊருக்கே மட்டம் பார்க்கக் கிளம்பினாள்.

வடக்கு பஜாரில் ஒரு நுனி, தெற்கு பஜாரில் ஒரு நுனி. தண்ணீர் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில், நூல் பிசகாமல் நின்றது.

“சரியாத்தானடி இருக்கு” என்றாள் சந்தனமாரி.

வீரசின்னு குழாயைக் கீழே போடாமல் நின்றாள். “யக்கா, ஒரு தளத்துக்கு ஒரு பக்கம் மட்டும் மட்டம் பாத்தா என்ன சொல்லுவீக?”

“செவுளு மேல போடுவேன். குறுக்கேயும் பாக்கணும்ல.”

“அப்பக் குழாய எங்க பக்கம் கொண்டாங்க.”

சந்தனமாரி பஜாரில் நிற்க, வீரசின்னு மறு நுனியை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தாள், நடந்துகொண்டே நுனியை உயர்த்தினாள், இடுப்புக்கு, தோளுக்கு, தலைக்கு மேலே. ஓடைக்கரை வாசலுக்குப் போனபோது கையை முழுக்கத் தூக்கி, குதிகாலையும் தூக்கி நின்றாள், அப்படியும் போதாமல் குழாயிலிருந்து தண்ணீர் அவள் முகத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. ஓடி வந்து பார்த்த சந்தனமாரிக்கு அவள் நின்ற இடத்துக்குப் பின்னால், திறந்திருந்த வீட்டுக்குள், மிதக்கிற அடுப்பு தெரிந்தது.

“நீதான் எழுதுனியாடி?”

“நாந்தான்.”

“ஒம் பேர்ல எழுதியிருக்கலாம்ல?”

“என் பேர்ல ஏழு தடவ சேரக் கேட்டேன்க்கா. ஏழு தடவையும் நீங்கதான் வேணாம்னு அனுப்புனீக.”

மேடையின் முதல் விதி, வீட்டுவரி ரசீது இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்பது. வெளியூர்க்காரர் நுழையாதிருக்க ஆரம்பத்தில் எவரோ போட்டது. தினமும் காலை டீயோடு சந்தனமாரி செய்த முதல் வேலையே, ரசீது இல்லாத விண்ணப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிராகரிப்பதுதான். அதிலும் பெருவிரலால் பெயரை மறைத்துக்கொண்டு, யாருக்கும் சாயாமல். அன்றைக்கு அவள் அந்தப் பழைய விண்ணப்பங்களைத் திறந்து, விரலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், எல்லாம் ஓடைக்கரை. பதினோரு வருடம் தன் குழாயின் மறு நுனியைப் பிடித்த பெயர் ஏழு இடத்தில் இருந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, அங்கேயே, அந்தச் சேற்றிலேயே, முதல் விதியை அழித்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்துச் சேர்த்தாள்.

ஊரில் வடக்கும் தெற்கும் முதல்முறையாக ஒன்று சேர்ந்தன. கல்யாண மண்டபத்தில், மேற்குக் கால் வெட்டின நாற்காலிகளில், கூட்டம் போட்டார்கள்.

“ரசீது இல்லாதவங்கள எப்படிச் சேத்த?” என்றார் ஜெயவீரன். “நடுநெலையா இருப்பேன்னுதான ஒன்ன வச்சோம்?”

“அதத்தான் செய்யுதேன். ரெண்டு பஜாருக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஊருக்கே நடுவுல நிக்கேன்னு நெனச்சிட்டேன். என் தப்பு. இப்பத் திருத்திட்டேன்.”

“விதிய மறுபடி போடு. இல்ல, செல்போனக் குடுத்துட்டுப் போ.”

“போட மாட்டேன். குடுக்கவும் மாட்டேன். நான் யார் பக்கமாவது சாஞ்சிருந்தா டம்ளரக் காட்டுங்க, இந்தா இப்பவே எறங்கிருதேன்.”

ஆளுக்கொரு டம்ளரைக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றுகூடச் சிந்தவில்லை.

ஆனால் அன்று மாலையே வேறொரு கூப்பாடு எழுந்தது. ஓடைக்கரையிலிருந்து ஒவ்வொருவராக மேடையில் எழுத எழுத, தன் தெருப் பெயரை, வீட்டுக்குள் வந்த தண்ணீரை, பிள்ளையின் காய்ச்சலை, தொலைந்த ஆட்டை எழுத எழுத, ஊர் நகக்கண் நகக்கண்ணாக நிமிர்ந்தது. நிமிர நிமிர, மேற்குக் கால் வெட்டின கட்டில்கள் எல்லாம் மேற்கே சரிந்தன. மாமியார்கள் உருண்டார்கள், மணவறை சரிந்தது, சாய்மான டைல்ஸில் நடந்தவர்கள் வழுக்கினார்கள். ‘அட்மின் ஊரைச் சாய்க்கிறாள்’ என்று அலறினார்கள். ஜெயவீரன் எண்ணூறு பேரைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, ‘உண்மை மேடை’ என்று தனியாக ஒன்று தொடங்கினார். சந்தனமாரிக்குப் பேசியிருந்த மூன்று வீட்டு வேலையும் நின்றுபோனது. அவள் காலையில் கரணையைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, திண்டாட்டம் யாருக்கும் தெரியாமல், மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வீரசின்னுவின் தம்பி, ஜெயவீரனைத் தாயைச் சேர்த்து ஒரு வார்த்தை எழுதிவிட்டான். பெருவிரல் பெயரை மறைத்தது. அவள் படித்தாள், நீக்கினாள், மூன்று நாள் பூட்டினாள்.

வீரசின்னு வந்து வாசலில் நின்றாள். “அந்தாளு எங்கள எத்தன வருசம் வஞ்சிருக்காரு. அவன் ஒரு வார்த்த சொன்னதுக்கு மூணு நாளா?”

“அவரு மேடையில வஞ்சாலும் மூணு நாளுதான்.”

“எங்களுக்காகத்தான வேலைய விட்டுட்டு உக்காந்திருக்கீக?”

“ஒங்களுக்காக இல்ல சின்னு. மட்டத்துக்காக.”

வீரசின்னு கோபமாகத்தான் போனாள். போய், தம்பி முதுகில் ஓர் அறை வைத்தாள் என்று பிறகு தெரிந்தது. வழக்கமாக டம்ளர் பார்க்க மறக்கிறவர்கள்கூட அன்று பார்த்தார்கள், தண்ணீர் விளிம்பில் கண்ணாடி மாதிரி நின்றது.

ஐப்பசி பதினோராம் தேதி மழை வந்தது. இரண்டு நாள் ஓயாமல் கொட்டியது. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தண்ணீருக்கே தெரியவில்லை; ஊர் தட்டையாக, தாம்பாளமாக இருந்தது. வடக்கு பஜாரில் கணுக்கால் அளவு, தெற்கு பஜாரில் கணுக்கால் அளவு, ஓடைக்கரையிலும் அதே கணுக்கால் அளவு. அறுபது வீட்டில் ஒரு வீடு விழவில்லை, ஓர் அடுப்பு மிதக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் மேடையில் ஒரு பதிவு வந்தது, டீக்கடை அழகுராசா கணக்கிலிருந்து. பளிங்குக் கூடம், நடுவில் நனைந்த சோபா. ‘கடை வாய்க்கால் ஓடாம எதுத்து வருது. வீட்டுக்குள்ள தண்ணி. யாராச்சும் வாங்க’ என்று எழுதியிருந்தது. அந்தக் கூடத்தின் சுவர் சந்தனமாரி பூசியது. இரண்டு பஜாரும் ஓடைக்கரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டம்ளரைப் பார்த்தன. சந்தனமாரி நீக்கினாள். நீக்கிவிட்டு, வீரசின்னுவுக்கு அன்றைக்கு எழுதாத ஒரு வரியை இப்போது எழுதினாள்: ‘உங்க பேர்லயே வந்து எழுதுங்க. ரசீது வேண்டாம்.’

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது ஒரு விண்ணப்பம். அவள் விரலை எடுத்துவிட்டு, சத்தமாகப் படித்தாள், ஜெயவீரன், படித்துச் சேர்த்தாள். அவர் அதே படத்தை மறுபடி போட்ட ஐந்தாவது நிமிடம், ‘வாறோம்’ என்று முதலில் பதில் எழுதியது மூன்று நாள் பூட்டு முடிந்து வெளியே வந்திருந்த வீரசின்னுவின் தம்பி. மண்வெட்டியோடு போனவர்கள் அவர் வாய்க்காலை எங்கே திருப்பினார்கள் என்கிறீர்களா? பழைய இடத்துக்கு, அது இருக்க வேண்டிய இடத்துக்கு.

மழை விட்ட மறுநாள் ஆசாரிக்குச் சாப்பிட நேரமில்லை. ஊர் முழுக்கக் கட்டில்கள் மேற்கே சரிந்து நின்றன, வெட்டின காலுக்குக் கட்டை வைத்துத் தரச் சொல்லி எல்லாரும் அவரைத் தேடினார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சந்தனமாரி இடுப்பில் சேலை கட்டாமல், பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக, முதுகை நீட்டிப் படுத்திருந்தாள். வாசலில் செருமல் கேட்டது. வேட்டி நனைந்து ஜெயவீரன் நின்றார், தண்ணீரில் ஊறிப்போன பின்சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றார், வருகிறாயா என்று கேட்டார், கேட்டுக்கொண்டே அவள் எழுந்த கட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் வந்து கையால் அழுத்தியும் பார்த்தார்.

“ஊர்ல ஒரு கட்டில் நேரா நிக்கல. ஒங் கட்டில் மட்டும் எப்பிடி மாரி?”

“நான் கால வெட்டலண்ணே” என்றாள் சந்தனமாரி.